சித்தப்பாவுக்குக் குளிராது

எட்டு வயதில் எனக்குக் குளிர் என்பது கையில் மட்டும்தான் இருந்தது. காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொள்ளலாம், தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்து போகிறவள் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்களோடு இருந்த அப்பாவின் தம்பிக்கு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை. அங்கே இருக்கும் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பு வரும் என்று அப்பா பிடிவாதமாக என்னை அங்கே சேர்த்திருந்தார். சித்தப்பா ஷிப்டுக்குப் போகும்போது பாரில் ஒரு துண்டை மடித்துப் போட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்.

மார்கழி பிறந்துவிட்டால் காலையில் மேற்கே மலை தெரியாது. அங்கிருந்து இறங்கிய பனி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அம்மா, அப்பாவின் பழைய காலுறைகளை என் கைகளில் மாட்டி அனுப்புவாள். ஒன்றின் ஓட்டை வழியே என் விரல் எட்டிப் பார்க்கும். ராஜபாளையத்துப் பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று, ஊரைத் தாண்டியதும் அவற்றைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவேன். பிறகு ஹேண்டில்பாரின் இரும்பு கையைக் கடிக்க ஆரம்பிக்கும். அழுகிற நிலைக்கு வந்ததும் சித்தப்பா தன் கைகளை என் கைகள்மேல் வைத்து மூடிக்கொண்டு ஓட்டுவார்.

“செத்த நேரம் பொறுத்துக்கோ தாயி. டீக்கடை வந்துரும்.”

டீக்கடையில் எனக்குப் பால், அவருக்கு டீ. குடிப்பதைவிடக் கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நிற்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு நாள் கண்ணாடிக் கிளாஸ்கள் கழுவாமல் கிடந்ததால் மாஸ்டர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நான் தொட்டதும் கையை உதறினேன். சித்தப்பாவோ தன் டம்ளரை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரோடோ பேசியபடி கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார்.

மறுநாள் அவர் விரல்களில் நீர் கோத்து நின்றது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலிக்கலையே. ரெண்டு கையும் மரத்துப் போயிருக்கு. குளுரும் தெரியல, சூடும் தெரியல. உங்கம்மாட்ட சொல்லிராத, என்ன?”

சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரே பொறாமை. எனக்கும் அப்படிக் கை மரத்துப் போகட்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை இப்போது நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மாதமே, சித்தப்பாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் வத்திராயிருப்பிலிருந்து எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். மார்கழி என்பதால் தை பிறந்ததும் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே தாய்மாமன். அவர் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சித்தப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி மாப்பிள்ளைக்குரிய வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

பெண்ணின் அம்மா வாஞ்சையாகத்தான் கேட்டாள்: “தெனமும் அம்புட்டுத் தூரம் சைக்கிள்லயா போறாவ? இந்தக் குளுருக்குக் கை வெறச்சுப் போகாதா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க சித்தப்பாவுக்குக் குளுரவே செய்யாது! கொதிக்கிற டம்ளரப் புடிச்சாலும் சுடாது. கையெல்லாம் கொப்புளம் வந்துச்சு, வலிக்கவே இல்லன்னாவ!”

பெண்ணின் அப்பா சிரித்தார். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து சித்தப்பாவின் எதிரே குந்தினார்.

“மாப்பிள்ள, கையச் செத்த காட்டுங்க.”

சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார். முழங்கைக்குக் கீழே தேமல் போல் வெளிறிய ஒரு வட்டம் இருந்தது. தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“கண்ண மூடிக்கோங்க. எந்த வெரலத் தொடுதேன்னு சொல்லுங்க.”

பேனா முனையால் ஒரு விரலைத் தொட்டார். சித்தப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு மெல்ல, “நடுவெரல்” என்றார்.

இது ஒரு விளையாட்டு என்றும், சித்தப்பா தோற்கப்போகிறார் என்றும் நினைத்த நான் கத்தினேன்: “இல்ல சித்தப்பா, சுண்டுவெரல்! சுண்டுவெரல்!”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் ஓய்ந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். காப்பி ஏடு படிந்து கிடந்தது.

அப்பா கேட்டார்: “ஏலே, எத்தன நாளா?”

“புரட்டாசியிலருந்து.”

“தெரிஞ்சேதான் பிள்ளையக் கூட்டிட்டுப் போனியா?”

“மில்லு வேலையில மரத்துப் போச்சுன்னு நெனச்சேண்ணே” என்றார். அது பாதி உண்மையாக இருந்திருக்கலாம். அப்பா நம்பவில்லை.

அன்றே அவருடைய தட்டும் டம்ளரும் பின்வாசலுக்குப் போயின. அம்மா என்னைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பாரில் போடும் துண்டை அடுப்பில் போட்டாள். பெருவியாதி என்ற சொல்லை யாரும் என் காதுபட உரக்கச் சொல்லவில்லை. ஆனால் சேதி அவருக்கு முன்னால் மில்லுக்குப் போய்விட்டிருந்தது. தொழுநோய் மாத்திரையில் குணமாகிவிடும் என்றும், அந்த மாத்திரையை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றும் பல வருடங்கள் கழித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. இரண்டு மார்கழிகள் அந்தக் கைகளுக்குள் என் கைகளை வைத்துக்கொண்டு போனவள் நான்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது சித்தப்பா கிளம்பினார். கேரியரில் ஒரு பை. எங்கே போகிறார் என்று அப்பா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பின் அவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கே இருந்தார், யார் சோறு போட்டார்கள், எப்போது செத்தார், எதுவும் தெரியாது.

கிளம்பிய அன்று அம்மா வாசலில் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தெருவில் நின்றபடியே சொன்னார்: “வாரேன் தாயி. கைக்கு உறை போட்டுக்கோ.”

பாவம், என்னைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று அவரைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னேன்: “இனிமே நான் பஸ்ஸுலதான போவேன். எனக்குக் கையே குளுராது சித்தப்பா.”

அவர் தலையாட்டினார். சைக்கிளில் ஏறவில்லை. துண்டில்லாத முன்பாரைப் பார்த்தபடி தெருமுனை வரை அதைத் தள்ளிக்கொண்டே நடந்தார். டயரில் காற்று இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.