ஆமைக்குப் போட்ட தழை

முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவதாக உண்டாகி ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் என் கணவர் அந்த ஆமையைக் கொண்டுவந்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் அவருக்கு வேலை. தோல் ஊறவைக்க வந்த ஆவாரம்பட்டையை வண்டியிலிருந்து இறக்கும்போது பட்டைக்கு அடியில் கிடந்ததாம். ஓடெல்லாம் மஞ்சள் கோடு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானோ பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றேன். ஆமை வந்தால் அந்தக் குடும்பம் உருப்படாது என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தே வீம்பு பண்ணினார்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னாடா இது? புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல இத்தப் போய் தூக்கினு வந்துகிற!”

சரி, மறுநாள் காட்டில் விட்டுவிடுகிறேன் என்றார் இவர். அதற்கும் மாமியாரே குறுக்கே நின்றார். உள்ளே வந்ததைத் துரத்தினால் போகும்போது ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகுமாம். செத்தாலும் அப்படித்தானாம். சொல்லும்போது மாமியாரின் கண் என் வயிற்றின் மேலேயே இருந்தது.

அன்றிலிருந்து ஆமையைச் சாகவிடாமல் காப்பதே என் வேலையாகிவிட்டது. மசக்கைக்காரிக்கு என்னென்ன கொடுப்போமோ அத்தனையும் கொடுத்தேன். குழைந்த தயிர்ச்சோறு, நெய் விட்ட பருப்பு, புளிச்சோறுகூட. பயத்தில் அள்ளி அள்ளி வைத்தேன். அதுவும் தின்றது. அப்புறம் அதற்கு வயிறு கழிந்தது. கண் வீங்கி, தலையை நீட்டாமல் கிடந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் புழக்கடைக்கு ஓடி ஆமையைப் பார்ப்பேன். ஆமை அசையாவிட்டால் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். பயந்தவளுக்குப் புத்தி எங்கே இருக்கும்?

பக்கத்து வீட்டு சாயபுவின் மனைவி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அவர் பிறந்த வீட்டில் ஆமை வளர்த்தார்களாம்.

“இன்னாம்மா, நீ துன்றத அதுக்கு ஏம்மா வெக்கிற? சோறு ஆவாது. புல்லு போடு, தழை போடு. பழம் கம்மியா குடு. ஜாஸ்தி குடுத்தா மறுபடி பேஜாராய்டும்.”

அப்புறம் அருகம்புல், முருங்கைத் தழை, ஆவாரம்பூ என்று மாற்றினேன். ஷாப்புக் கழிவுத்தண்ணீர் ஓடுகிற பக்கம் எதையும் பறிக்க மாட்டேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் போய்ப் பறித்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி வைப்பேன். காலை வெயிலில் விடுவேன். ஆமை மெல்லத் தேறியது. அது பூவைக் கவ்வி இழுப்பதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மாமியார் மட்டும் அதன் பக்கமே போகமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் ஆமை மறுபடி சுருண்டது. வைத்த தழை வைத்தபடியே வாடியது. அந்த வாரமே எனக்கு வலி கண்டது.

காலையில் கண்ட வலி பொழுது சாய்ந்தும் விடவில்லை. மருத்துவச்சியின் முகம் மாறியது. முதல் பிள்ளையின்போதும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். “ஆமைக்குத் தழை போட்டீங்களா? துன்னுச்சா?” என்று கத்தினேன்.

என் தலை மாமியாரின் மடியில் இருந்தது. “நானே போட்டேன்டி. அருகம்புல்லு. நல்லா துன்னுச்சு. நீ முக்கு.”

மறுபடி மறுபடி கேட்டேன். மறுபடி மறுபடி அதையே சொன்னார். முக்கினேன். ஆண் பிள்ளை. விழுந்ததுமே வீலென்று அழுதான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் என்னைப் புழக்கடைக்கு விட்டார்கள். ஆமையைக் காணோம். கேட்டபோதுதான் மாமியார் நடந்ததைச் சொன்னார். எனக்கு வலி எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது செத்துக் கிடந்ததை மாமியார் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆமை செத்தால் பிள்ளை தங்காது என்று என்னைவிட உறுதியாக நம்பியவர் அவர். அந்தப் பயத்தை ஒருத்தியாகச் சுமந்துகொண்டுதான், அன்று முழுக்க என் தலையைத் தடவியபடி, துன்னுச்சு, துன்னுச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.