சாம்பிராணிப் புகையில் ஓர் இறக்கை

சுதந்திரம் வரப்போகிறது என்று எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இங்கிலாந்துக்குப் போய் விமான வடிவமைப்பு படிக்க ஆளெடுக்கும் நேர்காணல், திங்கட்கிழமை கோலாலம்பூரில். சொந்தமாகச் செய்த மாதிரி விமானம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என்னுடையதோ, தெங்கேரா கடற்கரையில் விட்டால் மூக்கைத் தூக்கும், அடுத்த நொடி தொப்பென்று விழும். ஏன் விழுகிறது என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல?

காற்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே! கோப்பிக் கடையில் வீசிய பால் டின்களை இருபுறமும் வெட்டி, தேன்கூடு போல அடுக்கினேன். அதன் வழியே வரும் காற்று சுழலாமல் நேராக வரும். பின்னால் கண்ணாடி பதித்த மரப்பெட்டி, அதற்குள் இறக்கை. மறுமுனையில் காற்றை வெளியே இழுக்க ஒரு மேசை விசிறி. ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன். சனியன், அந்தப் புகை போதவில்லை.

"ஏண்டா குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டு இருக்க?"

அம்மாதான். அப்பா போனபின் வீட்டில் நானும் அவரும் மட்டும். வெள்ளிக்கிழமை ஆனதால் சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் புகை காட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, அப்படியே இந்த டின்னுக்கு முன்னால காட்டுங்க!"

"சாமிக்குக் காட்டுறத டின்னுக்கா? நல்லாருக்குடா உன் கூத்து!"

திட்டிக்கொண்டே காட்டினார். புகை இறக்கையின் முன் நுனியில் ஏறியது, ஏறியதும் முதுகை விட்டு விலகிச் சுருண்டது. அடச்சே! கூராக இருந்தால்தான் காற்றைக் கிழிக்கும் என்று நுனியைக் கத்தி போலச் சீவி வைத்திருந்தேன். அவ்வளவு கூரான முனையில் காற்றால் வளைய முடியவில்லை. மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, நுனியை உருண்டையாகத் தேய்த்தேன். மெழுகு ஆறும்வரை பொறுமையே இல்லை, விரலைச் சுட்டது.

மறுபடி காட்டினார். இம்முறை புகை இறக்கையின் முதுகில் கடைசிவரை ஒட்டிக்கொண்டு போனது. "அலாமா!" என்று குதித்தேன்.

அம்மா கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"இப்படி ஒட்டிக்கிட்டுப் போனா சரியா?"

"சரிம்மா!"

"அப்ப உன்ன எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்குவாங்க."

போகாதே என்பார் என்று நினைத்தேன். சண்டைக்கு வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவரோ இன்னொரு பிடி சாம்பிராணியைத் தணலில் போட்டார்.

"இன்னொரு வாட்டி நல்லாப் பாத்துக்க. நீ தோத்துட்டு வந்தா நான் சந்தோஷப்பட்டுருவேன்டா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."