சைக்கிளுக்குப் பூசிய திருநீறு

எங்கள் ஊரில் சைக்கிளுக்குக் குறி சொன்ன ஒரே ஆள் என்னுடைய அம்மாதான். இதை நான் இப்போதும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். எட்டு வயதில் அந்த நெஞ்சு இதைவிட நன்றாகவே நிமிர்ந்திருந்தது.

எங்கள் வீடு கிளிநொச்சியிலிருந்து ஏழு கட்டை தூரம் தள்ளி. தொண்ணூறுகளின் முற்பாதி அது. போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராது, பற்றரி வராது, மண்ணெண்ணெய் வந்தாலும் மருந்துபோல அளந்துதான் வார்ப்போம். ஊரின் சுமை எல்லாம் சைக்கிளில்தான் போனது. அப்பாவின் சைக்கிளில் நெல் போனது, விறகு போனது, ஒருமுறை யாருடையவோ அலுமாரிகூடப் போனது. அந்தச் சைக்கிளைப் பற்றி யாரும் குறை சொல்லக்கூடாது. அம்மாவின் தகப்பன் வீட்டைப் பற்றி யாரும் பெருமை பேசக்கூடாது. இந்த இரண்டிலும் கை வைக்காவிட்டால் அப்பா தங்கமான மனிதர்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா விடியவே எழும்பிச் சைக்கிளைச் சுவரில் சாத்துவார். பழந்துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பெடல்களைத் தாங்கும் இரும்புத் தண்டுகளில் பூசுவார். பிறகு பக்கத்தில் குந்தியிருப்பார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். நான் ஏதும் கேட்டால் கையைக் காட்டி அடக்கிவிடுவார். அது முடிந்ததும் இரும்பை அழுத்தித் துடைத்து, மேலே திருநீற்றை மெல்லத் தூவி, குனிந்து பார்ப்பார்.

"சைக்கிளுக்கும் பூசையோ?" என்று அப்பா சிரிப்பார்.

"இருக்கட்டுமே" என்பார் அம்மா.

அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, அப்போது பிள்ளைத்தாச்சியாக எங்கள் வீட்டில் இருந்தார். வேலை தேடிக் கொழும்புக்குப் போன மாமா, பாதை பூட்டியதில் அங்கேயே அகப்பட்டுவிட்டார். மாமிக்கு நாள் நெருங்கியது. அப்பா அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாகி, காரியரில் தலையணையும் கட்டியாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. என்றாலும் அம்மா துணியோடு வந்து குந்தினார்.

திருநீறு தூவிக் குனிந்தவர் நிமிரவேயில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத் தண்டில், வெள்ளைத் திருநீற்றின் குறுக்கே மயிரளவில் ஒரு கறுத்த கோடு. அம்மா துடைத்துவிட்டு மறுபடி தூவினார். அதே இடத்தில் அதே கோடு வந்தது.

"இஞ்சேருங்கோ, இந்தச் சைக்கிளில மச்சாளை ஏத்த வேண்டாம்."

"ஏன், இதில என்ன குறை?" அப்பாவின் குரல் ஏறிவிட்டது.

அம்மா சற்று யோசித்தார். "திருநூறு கறுத்துப் போச்சு. பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போற நேரம், எனக்கு மனம் ஒப்பேல்லை."

குறை என்று ஒன்றைக் காட்டியிருந்தால் அப்பா அப்போதே ஏறி மிதித்துக் காட்டியிருப்பார். திருநீறு கறுத்ததற்கு என்ன செய்வது? மாமி வேறு, "வேண்டாம் அண்ணை" என்று அழத் தொடங்கிவிட்டார். அப்பா முணுமுணுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சைக்கிள் கேட்டுப் போனார். அவர்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய சைக்கிளுக்கும் அம்மா மண்ணெண்ணெய் பூசிப் பார்த்துத்தான் மாமியை ஏறவிட்டார். அன்று பின்னேரமே பெண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள் அப்பா தன்னுடைய சைக்கிளில் ஒரு மூட்டை நெல்லை ஏற்றினார். எங்களுக்குக் காட்டத்தான். ஒழுங்கையிலிருந்து றோட்டுக்கு ஏறும் மேட்டில் எழும்பி நின்று மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். அப்பாவும் சைக்கிளும் நெல்லும் வாய்க்காலுக்குள் கிடந்தார்கள்.

அம்மா ஓடிவந்து முதலில் அப்பாவின் முழங்காலைப் பார்த்தார். பிறகுதான் முறிந்த தண்டை எடுத்தார். முறிந்த இடத்தில் பாதிக்கு மேல் கறுத்து வழுவழுவென்று இருந்தது. மீதி சீனிபோல மினுங்கியது.

"இந்தக் கறுப்பு எப்பவோ வெடிச்சது. மினுங்கிறது மட்டுந்தான் இப்ப முறிஞ்சது" என்றார் மெதுவாக.

அப்பா அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பின்னால் தலையணையில் மாமி இருந்திருந்தால் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவர்தான். "என்ர மனுசியின்ர திருநூறு பொய் சொல்லாது." அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை விடிய எங்கள் வாசல் படலையில் சைக்கிள்கள் வரிசை கட்டின. ஆளுக்கொரு மருந்துப் போத்தலில் துளி மண்ணெண்ணெய். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து, "எங்களுக்கும் விபூதிப் புதன் இருக்குத்தானே அக்கா" என்று வரிசையில் நின்றார். இன்னும் இரண்டு சைக்கிள்களில் கோடு விழுந்தது. வரிசைக்குப் பொறுப்பு நான். "அம்மா சாமியின்ர பேரை ஆயிரம் தரம் சொல்லுவா. ஒருத்தரும் கதைக்கக்கூடாது, கும்பிட்டுக்கொண்டு நில்லுங்கோ" என்று சட்டம் போட்டேன். பெரியவர்களும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். ராசா வீட்டுக் கன்றுக்குட்டிபோல நான் முன்னால் நடந்து திரிந்தேன்.

பல வருடங்களின் பின் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன். இரும்புக்குள்ளும் பொடிப்பொடியாக மணிகள் இருக்கின்றன, அவற்றினூடாக வெடிப்பு ஒவ்வொரு மிதிக்கும் துளித்துளியாக நகர்ந்து போகும் என்றார்கள். ஒருநாள் ஆசிரியர் ஓர் இரும்புத் துண்டில் சிவப்பு எண்ணெய் பூசினார். பொறுத்திருந்து துடைத்தார். மேலே வெள்ளைப் பொடி தூவினார். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் பொடியில் ஊறிக் கோடு வந்தது. அன்றே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மப்பா ரயில் திருத்திற செட்டில சில்லு அச்சுகளுக்கு இப்பிடித்தானே பாத்தவர். சின்னனில அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பாத்துக்கொண்டு நிப்பன். அவர் சோக்குக் கட்டியை இடிச்சுத் தூவுவார். எங்களிட்டத் திருநூறுதானே இருந்தது" என்றார் அம்மா.

"அதை அப்பாட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்ர அப்பா பாத்த வேலையெண்டு சொல்லியிருந்தா, மச்சாள் அந்தச் சைக்கிளிலதான் போயிருப்பா."

"அப்ப அந்த மந்திரம்?"

"என்ன மந்திரம்? வெடிப்புக்குள்ள எண்ணெய் இறங்கப் பத்து நிமிசமாவது வேணும். மணிக்கூட்டுக்குப் பற்றரி எங்க கிடந்தது? அறுநூறு மட்டும் எண்ணுவன். இடையில நீ கதைச்சா விட்டுப்போகும், திரும்ப ஒண்டிலயிருந்து தொடங்குவன்."

படலையில் ஊரே கும்பிட்டுக்கொண்டு நின்றது. நான் சாமியின் பெயர் என்று சொல்லி எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.