அரை விரல் மணல்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சின்னப் புல்தரை உண்டு. மாசி மாதம் போர்வெல் போட வந்த ரிக் லாரி அதன் மேல்தான் ஏறி நின்றது. தண்ணீர் பீறிட்டு வந்த சந்தோஷத்தில் யாரும் தரையைப் பார்க்கவில்லை. லாரி போன பிறகு பார்த்தால், நனைந்த மண்ணில் சக்கரம் அழுந்தி வாசலுக்குக் குறுக்கே இரண்டு நீளப் பள்ளங்கள். நாளடைவில் புல் அவற்றுக்குள்ளும் வளர்ந்து மூடிக்கொண்டது. மேலே பார்த்தால் தெரியாது, கால் வைத்தால்தான் தெரியும்.

ஆடியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது கால்தான் இழுத்துக்கொண்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண், தினமும் வெறுங்காலோடு புல்லில் நடக்கச் சொன்னாள். ஆரம்ப மாதங்களில் வருகிற அளவுக்குத் தெம்பு பிறகு வராது என்றும் சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

முதல் நாளே பள்ளத்தில் தடுக்கினார். நான் தாங்கிப் பிடித்தேன். இரண்டாம் நாளும் தடுக்கினார். அவர் நடக்க நடக்க நான் ஓரத்தில் நின்று "பாத்துங்க, பாத்துங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்துவிட்டது. தரை சமமாகிற வரைக்கும் புல்லில் இறங்கக்கூடாது, போர்ட்டிகோவில் நடந்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

செடி விற்கிற நர்சரிக்காரரிடம் போய்ப் பள்ளத்தைச் சமப்படுத்த வழி கேட்டேன். அவர் நிதானமான மனிதர். எனக்கு நிதானமான மனிதர்களைக் கண்டாலே எரிச்சல்.

"சலிச்ச மணலு முக்கா பங்கு, மக்குன எருவு கா பங்குங்க. அரை வெரக் கனம் தூவி, சீமாத்துல கூட்டி உடோணும். புல்லு நுனி வெளிய தெரியோணும். அது மேல வந்தப்புறம் இன்னொருக்கா. மூணு நாலு தடவ போட்டாப் பள்ளம் ரொம்பிருமுங்க."

"எத்தன நாளாகுமுங்க?"

"ஒவ்வொருக்காவும் மூணு வாரம் உடோணுங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்று மாதம் போல ஆகும். அவ்வளவு நாள் கால் காத்திருக்குமா? அதுவும் மணல்! காடு, தோட்டம் என்று விவசாயத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் போய் மண்ணுக்கு மேல் மணலைப் போடு என்கிறார். எங்கள் தோட்டத்தில் மணல் அடித்துவிட்டது என்றால் அந்த இடம் பாழாகிவிட்டது என்று அர்த்தம். இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு, எடப்பாடியில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டேன். அவன் மறுநாளே ஒரு டிராக்டர் ஏரி வண்டல் அனுப்பினான். கறுப்பாக, கையில் பிசைந்தால் வெண்ணெய் போல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆள் வைத்து நாலு விரல் கனத்துக்குக் கொட்டினேன். அதோடு விட்டேனா? நெல் வயலுக்குச் செய்கிற மாதிரி சுற்றிலும் வரப்புக் கட்டி, தண்ணீர் பாய்ச்சி, பலகையைப் போட்டு இழுத்துச் சமப்படுத்தினேன். சாயங்காலம் கண்ணாடி மாதிரி இருந்தது. "பாருங்க, நாலே நாளு. காஞ்சதும் நடக்கலாம்" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

காய்ந்தது. களத்துமேடு மாதிரி இறுகி, பாளம் பாளமாக வெடித்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் புல் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது. வயலில் புதிதாக நடுவதும், இருக்கிற புல்லின் தலையில் மண்ணைப் போடுவதும் ஒன்றில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டேன். பத்து நாள் களை கொத்துகிற களைக்கொட்டோடு குத்துக்காலிட்டு அத்தனை வண்டலையும் சுரண்டி எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன். போனது புல் மட்டுமில்லையே, நாட்களும்தான்.

நல்லவேளை வேர் சாகவில்லை, புல் மறுபடி துளிர்த்தது. பிறகு நர்சரிக்காரர் சொன்னபடியே அரை விரல் மணல் தூவினேன். சீமாற்றால் கூட்டிவிட்டேன். காத்திருப்பதுதான் என்னால் முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஒரு நாளைக்குப் பத்து முறை குனிந்து நுனி வந்துவிட்டதா என்று பார்த்தேன். இரண்டு தடவை மணல் போட்டும் பள்ளம் பாதிதான் ஏறியிருந்தது.

அதற்கடுத்த வாரம், மூன்றாவது தடவைக்கு மணல் சொல்லிவைக்கப் போனேன். கடை பூட்டியிருந்ததால் உடனே திரும்பிவிட்டேன். கேட்டைத் திறக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றேன். அவர் புல்தரையில் நடந்துகொண்டிருந்தார். கைத்தடி நாற்காலியில் கிடந்தது. முதல் பள்ளத்தில் இடது காலை மெல்ல இறக்கி, ஊன்றி, ஏறினார். இரண்டாவதிலும் அப்படியே. தடுக்கவில்லை.

"ஏனுங்க! பாத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் கால் பின்னி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பள்ளம் எங்க இருக்குதுன்னு என்ற காலுக்குத் தெரியும் அம்மிணி. நீ 'பாத்துங்க'ன்னு கத்தறப்ப உன்னயத் திரும்பிப் பாக்கறேன். அப்பத்தான் தடுக்குது."

"எத்தன நாளா இப்படி நடக்கறீங்க?"

"நீ வண்டலு சொரண்டி முடிச்சதுல இருந்து. நீ வெளிய போறப்பவெல்லாம்."

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் கையை விட்டேன். விட்ட கை அதுபாட்டுக்கு மறுபடி நீண்டது, மடக்கிக்கொண்டேன்.

"பாலு வாங்கோணும். போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருந்தது அவருக்கும் தெரியும்.

"மெதுவா வா" என்றார்.