அம்மா வெள்ளை உடுத்த பின்னேரம்

அன்னபாக்கியம் மாமி செய்தி கொண்டுவந்தபோது பின்னேரம் மூன்று மணி. 1996ஆம் ஆண்டு, ஆவணி மாதம். வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்தை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து நாங்கள் இருந்தோம். மாமி படியேறி வந்தார். திறந்திருந்த கதவடியில் நின்று அம்மாவை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு, கொண்டுவந்த செய்தியைச் சொல்லாமல், அப்படியே நிலத்தில் குந்தித் தலையில் அடித்துக் குழறத் தொடங்கினார்.

"ஐயோ என்ர தம்பி! என்ர ராசா! இதுக்கோடா நான் ஓடி வந்தனான்!"

மாமியின் தம்பி எங்கள் அப்பா, நாகேந்திரம். அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எங்களுக்குப் பத்து மாதமாகத் தெரியாமல் இருந்தது.

அம்மாவின் பெயர் சரோஜினிதேவி. யாழ்ப்பாண நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களின் வாயிலிருந்து வருவதை ஒரு சொல் விடாமல் எடுத்து, பிறகு தட்டச்சுச் செய்து கொடுப்பது வேலை. சண்டையில் நீதிமன்றம் பூட்டப்பட்டது. வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களில்தான் ஒருநாள் அப்பாவிடம், "மற்றவை கேட்ட கேள்வியளை எழுதினது காணுமப்பா, இனி நான் கேக்கப் போறன்" என்று சொன்னாராம். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது.

சட்டக் கல்லூரி கொழும்பில், புதுக்கடையில் இருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட, அப்போது அதை ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஓர் ஆள் ஊரில் இருந்து பிணை நிற்கவும் வேண்டும். அப்பா நின்றார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்றபடியால் அவருடைய கையெழுத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது.

"நீ இனித்தான் சட்டம் படிக்கப் போறாய். உன்ர முதல் பிணைகாரன் நான்தான், மறந்திடாதை" என்று கிளாலிக்குப் புறப்படும்போது அப்பா சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரவில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்து, அம்மாவும் நானும் என் தம்பி ரமணனும் கொழும்புக்கு வந்தோம். பிணை நின்றவர் அங்கேயே இருந்தார்.

வெள்ளவத்தை எங்களுக்குச் சுலபமாகப் பழகவில்லை. ரத்மலானைக்கு இறங்கும் பிளேன் தலைக்கு மேலே போனால் ரமணன் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். வீதியில் யாராவது எறிந்த பழைய பற்றரியைக் கண்டால் பொறுக்கிப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொள்வான். யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை. ஒரு பற்றரி கிடைத்தால் அது புதையல். ஒருநாள் காலி வீதியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அவனுடைய பையைக் கவிழ்த்தான். செத்த பற்றரிகள் பொலபொலவென்று கொட்டின.

"மே மொனவத?" இதெல்லாம் என்ன என்றான், துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு.

அம்மாவுக்கு அப்போது சிங்களம் அரைகுறை. ஒரு பற்றரியை எடுத்துக் காதில் வைத்து ரேடியோ கேட்பதுபோலக் காட்டினார். பிறகு கையை விரித்து, "யாப்பணே நே", யாழ்ப்பாணத்தில் இல்லை, என்றார். அந்தப் பெடியனுக்கு இருபது வயது வராது. பிறகு தானே குனிந்து பற்றரிகளைக் கூட்டி அள்ளிக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டுப் போகச் சொன்னான். ரமணன் வீடு வரும்வரை அழுதான்.

அம்மாவுக்கும் அவருடைய பழக்கங்கள் இருந்தன. போத்தல் விளக்கில் படித்த மனுசி, மின்குமிழின் கீழ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பாடத்தை மனதில் சொல்லிப் பார்க்கும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவார். "கண்ணை மூடிக்கொண்டு படிக்க வெளிச்சம் என்னத்துக்கு?" என்பார். வெளியே போகும்போது நெற்றியிலிருக்கும் ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுவார். பஸ்ஸில், சாவடியில், பொட்டு இல்லாமல் இருந்தால் கேள்வி குறைவு. வந்ததும் முதல் வேலையாகத் திரும்ப எடுத்து வைப்பார். எங்கள் கண்ணாடியின் மூலையில் பசை பட்டுப் பட்டு ஒரு வட்டம் நிரந்தரமாக விழுந்திருந்தது.

படித்த சட்டத்தை எங்களில்தான் முதலில் பாவித்துப் பார்த்தார்.

"அம்மா, அக்கா ரின்பாலைக் குடிச்சுப்போட்டா" என்று ரமணன் வந்து சொல்வான்.

"நீ பாத்தனியோ?"

"இல்லை. ரின் வெறுமையாக் கிடக்கு."

"அப்ப ரின்னுக்கு எதிரா வழக்குப் போடு."

யார் என்ன சொன்னாலும் அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. ஆர் சொன்னது? அவை கண்ணாலை கண்டவையோ? எப்ப? கேள்விப்பட்டது சாட்சியாகாது என்பது எங்கள் வீட்டில் தேவாரத்துக்கு அடுத்தபடி அடிக்கடி கேட்ட வாசகம்.

1995 ஐப்பசியில், ஆமி நெருங்கியதும், யாழ்ப்பாணச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியது. அதோடு அப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் கவலையோடுதான் அம்மா கடைசிப் பரீட்சை எழுதினார். அப்பாவைச் சாவகச்சேரியில் யாரோ கண்டதாக ஒருவர் சொன்னார். கிளிநொச்சிப் பக்கம் சைக்கிளில் போனதாக இன்னொருவர் சொன்னார். மீசாலையில் ஷெல் விழுந்த இடத்தில் அவரும் இருந்தார் என்று மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எல்லாரிடமும் அம்மா அதே மூன்று கேள்விகளையும் கேட்டார். ஒருவரும் கண்ணால் கண்டிருக்கவில்லை.

"அப்ப நான் நம்பமாட்டன்" என்றார்.

கெட்டதை நம்பாமல் இருந்தது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. நல்லதையும் நம்ப மறுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. மாமிக்கும் அதில்தான் கோபம். ஹெவ்லொக் டவுனில் இருந்த அவர் வீட்டில் ரெலிபோன் இருந்தது; அதன் இலக்கம் அப்பாவுக்கு மனப்பாடம். "கல்லு மனம் உனக்கு. ஒரு நேர்த்திக்கடன் வைச்சனியோ?" என்று அம்மாவை ஏசுவார்.

ஆவணியில், சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுக்க நாள் வந்தது. உயர் நீதிமன்றத்தில், வெள்ளைச் சேலை உடுத்துப் போவது வழக்கம். அம்மா இதைப் பற்றி மாமிக்கு மூச்சுக்கூட விடவில்லை. புருசன் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத நேரத்தில் வெள்ளைச் சேலை வாங்குகிறவளை எங்கள் சனம் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். காலி வீதிக் கடையில் சேலையை விரித்துக் காட்டிய பெண்கூட, "ஆற்ர அந்தியேட்டிக்கு, அக்கா?" என்றுதான் கேட்டாள். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியைதான் அந்தியேட்டி. அம்மா காசை எண்ணிக் கொடுத்தார்.

கீழ்வீட்டு பேர்ணடெற் அன்ரிக்கு இது விளங்கவேயில்லை. அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பவர்.

"வெள்ளைன்னா எங்களுக்குக் கல்யாண உடுப்பு அக்கா. நீங்க என்னடான்னா பாம்பைத் தொடுற மாதிரி தொடுறீங்க" என்று சிரித்தார். சேலையின் கீழ்க்கரைக்கு உட்புறம் ஃபோல்ஸ் பட்டி தைத்துத் தருவது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று அம்மா புதுக்கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். முகம் கழுவவில்லை. பொட்டு கண்ணாடியில் இருந்தது. பேர்ணடெற் அன்ரி சேலையோடு மேலே வந்து, "ஒரு முழம்தான் மிச்சம். ஒருக்கா உடுத்துப் பார்த்திட்டு, நீளம் சரின்னா முடிச்சிடுவோம்" என்றார். அம்மா உடுத்தார். அன்ரி முழங்காலில் நின்று கீழ்க்கரையைப் பிடித்து ஊசியை ஏற்றினார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் மாமி வந்து கதவடியில் நின்றார்.

மாமி குழறியதும், அம்மா சுவரோடு சரிந்து இருந்துவிட்டார். மாமி எங்களுக்குச் செய்தி கொண்டுவரக்கூடிய ஒரே ஆள். அவர் வந்து தலையில் அடித்தால் அது வேறென்ன செய்தி? அம்மா அழத் தொடங்கினார். ரமணன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். பேர்ணடெற் அன்ரி சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினார். நான் முந்தானையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

அழுகின்ற அம்மாவைப் பார்த்து மாமிக்கு இன்னும் கூடியது. கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்லிச் சொல்லி அழுதார். "கடலாலை வந்து கரையேறின பிள்ளையை அதுக்குள்ளை ஆரடா கொண்டுபோனது! காலமை கதைச்ச வாய் மூடிப் போச்சே!"

அம்மாவின் அழுகை நின்றது. பதினைந்து வருடம் சாட்சிகளின் சொல்லை ஒன்று விடாமல் எடுத்த காது அது. மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சாள், என்ன சொன்னனீங்கள்? காலமை ஆர் கதைச்சது?"

"தம்பிதானடி!"

"அப்ப செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எனக்கு ஆர் சொல்லுறது? உனக்கு ஆர் சொன்னது?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"பின்னை என்னத்துக்கடி வெள்ளை உடுத்து, பொட்டும் இல்லாமல் நிக்கிறாய்?"

"வாற கிழமை எனக்குச் சத்தியப்பிரமாணம் மச்சாள்! எல்லாரும் வெள்ளைதான்!"

மாமி சேலையின் கரையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பேர்ணடெற் அன்ரி தண்ணீர்க் கோப்பையோடு நடுவில் நின்றார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்தார்.

அம்மா விடவில்லை. குரல் நடுங்கியது, கேள்வி நடுங்கவில்லை. "காலமை எத்தினை மணிக்கு?"

"பத்து மணி இருக்கும்."

"எங்கையிருந்து?"

"திருகோணமலையிலை இருந்து. காங்கேசன்துறையாலை கப்பலிலை வந்திறங்கி நிக்கிறானாம். அதைச் சொல்லத்தானே நீ புதுக்கடையாலை வாற நேரம் பாத்து ஓட்டோ பிடிச்சு ஓடி வந்தனான். வந்து பாத்தால் நீ இந்தக் கோலத்திலை. நான் வாறதுக்கிடையிலை உனக்கு வேறை செய்தி வந்திட்டுது எண்டு நினைச்சிட்டன்."

"அவற்ர குரலை நீங்களே கேட்டனீங்களோ? வேறை ஆரும் சொன்னதோ?"

"என்ர காதாலை கேட்டனான். 'அக்கா, மாமரத்திலை இந்தமுறை நல்ல காய், கொண்டர ஏலாமப் போச்சு' எண்டவன். செத்தவன் மாங்காய்க் கதை கதைப்பானோ?"

அம்மா அப்போதுதான் நம்பினார். பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு சாட்சி. வெள்ளைச் சேலையின் முந்தானையை என் கையிலிருந்து இழுத்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது, பார்த்தால் சிரிப்பு. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கிறாள் பார்! முதல்லை அந்தப் பொட்டை வைச்சுத் துலையடி!" என்று எழுந்து போய், கண்ணாடியிலிருந்த பொட்டை நகத்தால் கிளப்பி, அம்மாவின் நெற்றியில் குத்துவதுபோல ஒட்டினார். ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஒருவரும் அதைச் சரிசெய்யவில்லை.

கட்டிலுக்குக் கீழே இருந்து ரமணன் கேட்டான்: "இப்ப அப்பா செத்ததோ, இல்லையோ?"

"வெளியாலை வா மோனை. அப்பா வாறார்" என்றார் மாமி.

பேர்ணடெற் அன்ரி நேர்த்திக்கடன் வைத்திருந்தாராம்; எங்களுக்கு அன்றுதான் தெரியும். அந்த நிமிடமே ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, மெழுகுதிரி கொளுத்துவதற்குக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பஸ் ஏறிவிட்டார்.

அப்பா இரண்டு மூன்று நாளில் வந்தார். மெலிந்து, கறுத்து, ஒரு சின்னப் பையோடு. பிணை கேட்ட இயக்கம் வன்னிக்குப் போய்விட்டதால் பிணையும் போய்விட்டது என்றார். நடந்ததை நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, செத்த வீட்டு எட்டாம் நாள் படையலை நினைத்து, "அப்ப எனக்கு எட்டுச்செலவும் முடிஞ்சுதோ? வடை மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். மாமி பக்கத்திலிருந்த விசிறியால் அடித்தார்.

சத்தியப்பிரமாணத்தன்று அம்மா அந்தச் சேலையையே உடுத்தார். நெற்றியில் பொட்டும் இருந்தது; சாவடியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்துப் படியில், அந்தச் சந்தோசத்தில் எல்லோரும் மறந்துபோன ஃபோல்ஸின் தைக்காத பகுதி தொங்கி இழுபட்டது. அப்பா குனிந்து ஒரு சட்டை ஊசியைக் குத்திவிட்டார். "சட்டத்தரணி அம்மா, நடவுங்கோ" என்றார். பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அம்மா நீதிமன்றங்களில் நின்றார். பெரிய பெயர் எடுக்கவில்லை. காணி வழக்கு, பராமரிப்பு வழக்கு, பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்காகப் பிணை கேட்கும் வழக்கு. பிணை எடுக்க வருகிறவர்களிடம் மட்டும் காசைப் பற்றிக் கதைக்கமாட்டார்.

அப்பா போன மாதம் காலமானார். இந்தமுறை ஒருவரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் தன் கட்டிலில், நோவு இல்லாமல், காலைத் தேத்தண்ணி குடித்த பிறகு போனார். அம்மா பக்கத்தில் இருந்து கையைப் பிடித்திருந்தார். கண்ணாலை கண்ட சாட்சி அவர்தான். அதை நினைக்க எனக்கு இப்போதும் மனம் கொஞ்சம் இலேசாகிறது.

அந்தியேட்டிக்கு என்ன உடுப்பது என்று சொந்தக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார். "கோர்ட்டிலை உடுத்த வெள்ளை எனக்குக் காணும்" என்று சொல்லிவிட்டு, அப்பா வாங்கிக் கொடுத்த நீலப் பருத்திச் சேலையை அம்மா எடுத்தார். அதை எடுக்கும்போது அலுமாரியின் அடித்தட்டிலிருந்த அந்தப் பழைய வெள்ளைச் சேலை கீழே விழுந்தது. நான் எடுத்து மடித்தேன். அப்பா குத்திய ஊசி துருப்பிடித்து அதிலேயே இருக்கிறது; ஃபோல்ஸின் கடைசி ஒரு முழம் இன்னும் தைக்கப்படவில்லை.