பறந்தவர்களுக்கு மட்டும் ஒரு சின்னம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் எம்பிராய்டரி கடை போட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர் மெஷின். பள்ளிச் சீருடைக்கு முத்திரை, ஹோட்டல் பணியாளர் சட்டைக்குப் பெயர், இப்படித்தான் வேலை வரும். போன வருடம் ஒரு நாள் நகரத்தின் தேவரா பகுதியிலிருந்து காரில் வந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீல வட்டம், நடுவில் பாயும் பருந்து, கீழே ஓர் எண். அதேபோல் அறுபது வேண்டுமாம்.

யாருடைய சின்னம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் போர் விமானப் பிரிவில்தான் அப்பா பதினோரு வருடம் இருந்தார். விமானங்கள் ஓய்வு பெற்றதும் பிரிவையும் கலைத்துவிட்டார்கள். அப்பா விமானி அல்ல, தரையில் வேலை பார்த்தவர். ஏணி வைத்து விமானியை ஏற்றி, வார் பூட்டி, எல்லாம் சரி என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு இறங்குவார். அந்த எஞ்சின் சத்தத்தில் அவருடைய வலது காது போயிற்று.

சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். "சார், என் அப்பாவும் இதே ஸ்குவாட்ரன்தான்."

"அப்படியோ? பைலட்டா?"

"இல்ல சார், கிரவுண்ட் குரூ."

அவர் போனைப் பைக்குள் போட்டார். "மோளே, இது பறந்தவங்களுக்கு மாத்ரம். ரீயூனியனுக்கு. ஒரு பீஸ்கூட வெளிய போகக் கூடாது, கேட்டோ."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

டிசைனைப் பார்த்ததுமே அப்பா தவறைக் கண்டுபிடித்தார். "பருந்து இடது பக்கம் பார்க்கணும். இது வலது பக்கம் பார்க்குது." பெட்டியிலிருந்த பழைய போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். அவர் சொன்னபடியே திருத்தி அறுபதும் அடித்தேன்.

வாங்கிப் போக அந்தப் பெரியவர் வந்தபோது அப்பா கடையில் இருந்தார். பார்த்த கணத்தில் அடையாளம் தெரிந்து, விறைப்பாக எழுந்து நின்றார். அவரோ சின்னங்கள் வைத்திருந்த பெட்டியைத் திறந்து, "பர்ஃபெக்ட்!" என்றார். பிறகு தன் போனை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"சேட்டா, என்னை இந்தப் பெட்டியோட ஒரு போட்டோ எடுக்குமோ?"

அப்பா சிரித்துக்கொண்டே போனைத் தூக்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இவர் யாருன்னு தெரியுதா சார்? நீங்க ஏறும்போதெல்லாம் பெல்ட் பூட்டி விட்டவர். உங்க பருந்துக்குத் தலையைத் திருப்பி வெச்சதும் இவர்தான்."

அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு ஒருபாடு பேர், எத்தனையோ பேர் இருந்தாங்க, மோளே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு போய்விட்டார்.

அப்பா என்மேல் பாய்ந்தார். "ஆபீசர்கிட்ட இப்படியா பேசறது? என் மானமே போச்சு!" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அந்த ஆள்மேல் இருந்ததைவிட அப்பாமேல்தான் கோபம். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் இன்னும் எதற்கு எழுந்து நிற்கிறார்?

மூன்றாம் நாள் காலை கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இன்னும் ரெண்டு அடிக்க முடியுமா? இடக்கொச்சியில ஒருத்தன் இருக்கான், டயர் பார்த்தவன். இப்ப நடக்க முடியாம கிடக்கான்."

"இன்னொண்ணு?"

"எனக்குத்தான்."

நான் நீல நூலைக் கோத்தேன்.

விஷயம் பரவியது. எஞ்சின் பார்த்தவர், எண்ணெய் நிரப்பியவர், குண்டு ஏற்றியவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். யாரோ அதைச் சட்டையில் குத்திக்கொண்டு எடுத்த போட்டோ தேவரா வரை போய்விட்டது. அந்தப் பெரியவர் போன் செய்தார்.

"மோளே, நான் அன்னிக்கே சொன்னதல்லே?"

"அந்தப் பருந்து உங்க வீட்டுக் கோழியில்ல சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கும்பளங்கியிலிருந்து ஒருவர் வந்தார். விமானிகளின் பாராசூட்டை மடித்துக் கொடுத்தவராம். ஒன்று கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் கோபம் தலைக்கேறியது. உட்காரச் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினேன்.