பிரேசில்காரியின் புது ஆல்பமும் என் வீட்டுக்காரியும்

பிரேசில் நாட்டுப் பாடகி ஒருத்தி தன் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டாள் என்பதற்காக நான் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வளைகுடாவில் ஓர் ஓட்டலின் காபி ஷாப்பில் பரிமாறியே என் வாலிபம் முழுக்கப் போனது. அங்கே பொழுது விடிந்ததிலிருந்து மெல்லிசாக ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது ஓட்டல் விதி. பெரும்பாலும் எதுவும் காதில் ஏறாது. இவள் குரல் மட்டும் ஏறியது. ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். பக்கத்து அறையில் யாரோ பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் இருக்கும். காபி போடுகிற பிரேசில்காரனிடம் கேட்டு அவள் யாரென்று தெரிந்துகொண்டேன். பாஷையில் ஒரு வார்த்தை புரியாது. புரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஒவ்வொரு பாட்டாக என் வீட்டுக்காரிக்குப் போனில் அனுப்பினேன். அவள் எங்கள் ஊர் அக்காள்மடத்தில் என் உம்மாவோடு இருந்தாள். சாயங்காலம் பேசும்போது மறக்காமல் கேட்பேன்.

"கேட்டியா புள்ள?"

"கேட்டேன் மச்சான். நல்லா இருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வயிறு நிறைந்துவிடும். கடல் தாண்டி இருந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரசனை என்று கூட வேலை பார்த்தவர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருக்கிற ஆளின் காதுக்குக் கெட்ட சேதி போகக் கூடாது. "அங்கன தனியாக் கெடக்குற புள்ள, அதுகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்பார் உம்மா. என் மாமா மவுத்தானது அவரை அடக்கம் செய்து ஒரு மாதம் கழிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. கொதிக்கிற பால் கையில் கொட்டியபோது முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வீடியோவில் சிரித்தேன். ஆக இந்தப் பக்கமும் நல்லா இருக்கோம், அந்தப் பக்கமும் நல்லா இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் கல்யாண வாழ்க்கை ஒரு சண்டை இல்லாமல் ஓடியது. சொந்தக்காரர்கள் எங்களைக் காட்டித்தான் மற்ற ஜோடிகளுக்குப் புத்தி சொல்வார்கள்.

போன வருஷம் போதும் என்று ஊருக்கு வந்துவிட்டேன். வந்து ஓய்ந்து உட்காருவதற்குள் பழைய மேனேஜர் கூப்பிட்டார். ஓட்டலைப் புதுப்பித்துவிட்டார்களாம், வருகிறாயா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. வீட்டில் ஒரு விருந்தாளிபோல் நடமாடிக்கொண்டிருந்தேன். எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று தெரியாது. நான் ஹாலில் உட்கார்ந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். போனில் அத்தனை பேசியவளுக்கு எதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"நான் போகவா, இருக்கவா?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம் மச்சான்."

மறுநாளும் கேட்டேன். அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் இஷ்டம் எனக்கே தெரியாமல்தானே உன்னைக் கேட்கிறேன்? நான் இருப்பது இவளுக்குச் சந்தோஷமா, பாரமா? அது தெரிந்தால் போதும், மூட்டையைக் கட்டவோ அவிழ்க்கவோ செய்யலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரேசில்காரியின் புது ஆல்பம் வந்தது. ஆசை ஆசையாகப் போட்டேன். கிட்டாரைக் காணோம். டமார் டமார் என்று கொட்டு, அதற்கு மேல் கீபோர்டு, பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்து கூவுகிறது. நடுவில் இவள் குதித்துக் குதித்துப் பாடுகிறாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் உருட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. அட பாவி மகளே, உனக்கு என்ன குறை வந்தது, இந்தக் கூத்துக்கு இறங்கிவிட்டாயே என்று வாய்விட்டே திட்டினேன்.

அடுப்படியில் முரல் மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி, செதில் ஒட்டிய கையோடு வெளியே வந்தாள்.

"யாரு மச்சான் இது?"

"அவதான். நான் அனுப்புவேனே, அவ."

"அவளா!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, ஒருவழியா முழிச்சிக்கிட்டாளே! இன்னொரு தடவை போடுங்க."

இத்தனை வருஷத்தில் நான் அனுப்பிய எந்தப் பாட்டையும் அவள் இன்னொரு தடவை கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். பிறகு அவளே தன் போனில் அதைத் தேடி எடுத்துக்கொண்டாள். சட்டி தேய்க்கும்போது அது, துணி காயப்போடும்போது அது. காலால் தாளம் வேறு. நான் முறைப்பேன், அவள் பார்க்காததுபோல் இருப்பாள்.

சனிக்கிழமை காலை ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு கல்யாணம், என்னோடு வேலை பார்த்தவர் வீட்டில். இரண்டு பேரும் கடல் பாலம் தாண்டி ராமநாதபுரம் வந்து பஸ் மாறி உட்கார்ந்தோம். இன்றைக்கு இவளுக்கு நல்ல பாட்டு எது என்று புரியவைத்தே தீருவது என்று நான் முடிவோடு இருந்தேன். இயர்போனின் ஒரு முனையை என் காதில் வைத்து, மறுமுனையை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை முக்காட்டுக்குள் விட்டு வைத்துக்கொண்டாள். பழைய ஆல்பத்தைப் போட்டேன். கிட்டார் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டை விட்டு பஸ் வெளியே வந்து, கடைத்தெருவைத் தாண்டி, ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. அவள் இயர்போனைப் பிடுங்கி என் மடியில் போட்டாள்.

"போதும் மச்சான்."

"என்ன போதும்? முழுசாக் கேளு. அப்புறம் சொல்லு, எது பாட்டுன்னு."

"எனக்கு வேணாம்."

"அப்ப இத்தனை வருசமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னியே, அதெல்லாம் பொய்யா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, பொய்தான்," என்றாள்.

பஸ் ஊரைத் தாண்டியது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "இப்ப ஒரு ஸ்கேன் சென்டர்ல நின்னுச்சே, அங்கனதான். எனக்கு மாருல ஒரு கட்டி இருந்துச்சு. ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புனாக. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டாக மாமி. ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடந்தப்பதான் இந்தப் பாட்டை அனுப்புனீக. சாயங்காலம் கேட்டியான்னு கேப்பீகளேன்னு, அங்கன பெஞ்சுல உக்காந்தே கேட்டேன்."

என் காதில் இருந்த முனையையும் எடுத்தேன். "கட்டி?"

"ஒண்ணுமில்லாத கட்டிதான். அல்லாஹ் காப்பாத்திட்டான். ஆனா அந்தக் கிட்டாரு ஆரம்பிச்சாலே எனக்கு அந்த மருந்து வாடை வந்துருது."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உம்மா மேல், இவள் மேல், அந்தப் பாழாய்ப்போன சட்டத்தின் மேல். பிறகு அழுகை வந்தது. இவள் அந்தப் பெஞ்சில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? நல்ல பாட்டு ஒன்று அனுப்பிய திருப்தியில் படுத்துத் தூங்கியிருப்பேன். எங்கள் ஒரே ரசனை என்று நான் பீற்றிக்கொண்டது இதைத்தான்.

என் கையைக் கொண்டுபோய் அவள் கைமேல் வைத்தேன். பஸ்ஸில் அப்படியெல்லாம் நாங்கள் உட்கார்ந்ததில்லை. அவள் எடுக்கச் சொல்லவில்லை.

"நான் போகவா, இருக்கவா? உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லாத புள்ள."

"இருங்க." யோசிக்காமல் சொன்னாள். "இன்னொரு தடவை அப்படி ஏதாச்சும் வந்தா, நீங்க அந்தப் பெஞ்சுல எனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கணும். பாட்டு அனுப்பக் கூடாது."

அங்கேயே மேனேஜருக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"அந்தப் புதுசைப் போடுங்க."

போட்டேன். டமார் டமார் என்று ஆரம்பித்தது. அவள் கால் தாளம் போட்டது. நானும் மனசார முயன்றுதான் பார்த்தேன்.

"எனக்குப் பிடிக்கலை புள்ள," என்றேன்.

"பிடிக்காட்டிப் போங்க," என்றாள். "எனக்குப் பிடிச்சிருக்கு."